பழகியவர்களுக்கு ஒரு வட்டி

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். விடியற்காலை முதியோர் இல்லத்தில் இரண்டு மாடி துடைத்துவிட்டு வந்துதான் பால் வைத்தேன். சூரியனைக் காணவில்லை. ஜெர்மனியில் தை மாதச் சூரியனுக்குப் பொங்குவது ஒரு நம்பிக்கையில்தான். பால் வழிந்ததும் இவர் “பொங்கலோ பொங்கல்” என்றார், பக்கத்து வீட்டுக்குக் கேட்காத மாதிரி. அடுப்பைத் துடைத்தது நான்.

பிறகு வழக்கம்போல வங்கிக்கு. முறுக்கும் பயத்தம் பணியாரமும் போட்ட பெட்டி, மேலே தங்க நிற நாடா. கோயிலுக்கு என்றால் “அடுத்த கிழமை பாப்பம்” என்று சொல்கிற மனிதர், வங்கிக்குப் பொங்கல் பலகாரம் கொண்டுபோக மட்டும் இருபது வருடமாகத் தவறியதில்லை. இந்த வீட்டுக்குக் கடன் கேட்டு ஏறி இறங்கிய நாலு வங்கிகளும் கையை விரித்தன. இந்தச் சின்ன நகரத்துக் கிளையின் முகாமையாளர் லின்டமன் ஒருவர்தான் கதிரை காட்டி இருத்தி, கோப்பி தந்து, கடனும் தந்தார். அன்றிலிருந்து அவர் எங்கள் சொந்தக்காரர். மகள் நிரோஜினி பெரியவளானபோது செய்த சாமத்தியச் சடங்குக்கு வந்து, முன்வரிசையில் இருந்து, பாயாசம் இரண்டு தரம் வாங்கிக் குடித்தவர்.

லின்டமன் ஓய்வுபெற்று நாலு வருடமாகிறது. கிளையும் சுருங்கிவிட்டது. மூன்று கவுண்டர் இருந்த இடத்தில் இரண்டு இயந்திரமும் ஒரு பிளாஸ்டிக் செடியும் நிற்கின்றன. செவ்வாயும் வியாழனும் மட்டும் கெஸ்லர் என்ற ஒரு பெண் வந்து இருக்கிறாள், நிரோஜினியிலும் இளையவள். இவர் டை கட்டிக்கொண்டு, கடைசியாகப் போன கல்யாணத்துக்குப் போட்ட கோட்டுடன் போய்ப் பெட்டியை நீட்டினார்.

“மன்னிக்கவேண்டும், வாடிக்கையாளரிடம் பரிசு வாங்க எங்களுக்கு அனுமதி இல்லை” என்று அவள் பெட்டியை இரண்டு விரலால் திருப்பித் தள்ளினாள். கூடவே ஓர் உறையையும் தந்தாள். “உங்களுக்குத் தபாலில் அனுப்ப இருந்தது.”

“புதுப் பிள்ளை, அவவுக்கு எங்களைத் தெரியாது” என்று பேருந்தில் இவர் மூன்று தரம் சொன்னார்.

நாடாவை இந்தமுறை நான்தான் கட்டினேன். குளிருக்கு இவருடைய இடதுகை விறைக்கிறது.

ஜனவரி 17, வெள்ளி

உறையைத் திறந்தோம். இங்கே வீட்டுக் கடனுக்குப் பத்து வருடத்துக்கு ஒரு வட்டி என்று கட்டிவைப்பார்கள். முடிந்ததும் புது வட்டி. எங்களுடையது ஜூன் மாதம் முடிகிறது. புதிது நூற்றுக்கு நாலு தசம் ஆறு. மாதம் முந்நூற்றைம்பது யூரோ கூடக் கட்டவேண்டும். மார்ச் முடிவதற்குள் கையெழுத்து வைத்து அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள்.

முந்நூற்றைம்பதுக்கு எங்கே போவது? இவர் ஒக்டோபரிலிருந்து லீவில் நிற்கிறார். வெயில் வரத் திரும்ப வேலைக்குப் போவார். அதுவரை என் இரண்டு வேலையில்தான் வீடு ஓடுகிறது. இந்தக் கணக்கு அப்படியே நின்றால் வீட்டை விற்கத்தான் வேண்டும். எழுதிவிட்டேன், இனி யோசிக்காமல் இருக்கலாம்.

பின்னேரம் நிரோஜினிக்குத் தொலைபேசி அடித்துச் சொன்னேன்.

“இது என்ன வட்டி அம்மா? கண்ணை மூடிக்கொண்டு போட்டிருக்கினம்.”

“வங்கி போடுறதுதானே பிள்ளை வட்டி.”

“பொறுங்கோ.” தட்டுகிற சத்தம் கேட்டது. “உங்கட வங்கியின்ர இணையப் பக்கத்திலையே புது ஆள் மாதிரிப் போட்டுப் பாத்தனான். அதே வீடு, அதே தொகை. எனக்கு மூண்டரை எண்டு காட்டுது.”

“உனக்கு ஏன் குறைய?”

“என்னை இனித்தானே பிடிக்கவேணும். உங்களை ஏற்கெனவே பிடிச்சு வச்சிருக்கினமே.”

தமிழ்க் கடை நேசராசா பழகின ஆட்களுக்குக் கறிவேப்பிலை சும்மா போட்டுவிடுவார். இந்த வங்கி பழகின ஆட்களிடம் நூற்றுக்கு ஒன்று கூடுதலாக எடுக்கிறது. இருபது வருட முறுக்கும் எந்தக் கணக்கில் போனதோ தெரியாது.

ஜனவரி 18, சனி

இவரிடம் சொன்னேன்.

“கம்பியூட்டர் ஆயிரம் சொல்லும். ஆபத்துக்கு உதவினது ஆர்? கம்பியூட்டரோ?”

“லின்டமன் இப்ப அங்க இல்லையே.”

“வங்கி இருக்குதுதானே. இப்ப வந்து மாறி ஓடினால் என்ன நினைப்பினம்? நீர் பேசாமல் இரும். நான் கையெழுத்து வச்சு அனுப்புறன்.”

பேசாமல் இருந்தேன். அதில் எனக்கு நல்ல பழக்கம்.

ஜனவரி 25, சனி

கடிதம் குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே அப்படியே கிடக்கிறது. பக்கத்தில் பேனா. ஏன் இன்னும் வைக்கவில்லை என்று கேட்டேன். பேனா எழுதவில்லையாம். நான் எடுத்து எழுதிப் பார்த்தேன், நன்றாகத்தான் எழுதுகிறது. இவர் இடதுகைக்காரர்.

ஜனவரி 29, புதன்

முதியோர் இல்லத்தில் லிப்ட் வேலை செய்யவில்லை. படி ஏறி முழங்கால் நோகிறது. வேறொன்றும் எழுத இல்லை.

பெப்ரவரி 6, வியாழன்

பல் வைத்தியரிடம் போகிறேன் என்று சொல்லிவிட்டு ரயிலேறிப் பெரிய நகரத்து நுகர்வோர் ஆலோசனை நிலையத்துக்குப் போனேன். நிரோஜினி நேரம் எடுத்துத் தந்திருந்தாள். என் பல்லுக்கு ஒன்றும் இல்லை.

ரொய்ட்டர் என்ற அம்மா இருந்தார். நரைத்த தலை, கழுத்தில் இரண்டு கண்ணாடி தொங்குகிறது, மூன்றாவதைத் தேடுகிறார். என் அரைகுறை டொச் மொழியைக் கேட்டுச் சத்தமாகக் கதைக்காத மனிதரை இந்த நாட்டில் அபூர்வமாகத்தான் காண்கிறேன். அவர் கடிதத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

“வேறு எங்கேயாவது கேட்டீர்களா?”

“இல்லை. இவர்கள் எங்களுக்கு உதவி செய்தவர்கள்.”

“உதவி செய்தவர்கள் வட்டியும் வாங்கினார்கள்” என்றார். ஏச்சு இல்லை, சும்மா சொன்னார். “இன்னொரு வங்கியிடம் எழுத்தில் ஒரு விலை வாங்குங்கள். கொண்டுபோய் இவர்களிடம் காட்டுங்கள். நீங்கள் போகவேண்டும் என்றில்லை. போக முடியும் என்று அவர்களுக்குத் தெரிந்தால் போதும்.”

எழும்பும்போது இன்னொன்றும் சொன்னார். பழைய வங்கியிலேயே தொடர்ந்தால் புதிதாக ஒன்றும் கேட்கமாட்டார்களாம். சம்பளச் சீட்டு வேண்டாம், வேலை இருக்கிறதா என்ற கேள்வி வேண்டாம், ஒரு கையெழுத்துப் போதும். புது வங்கி எல்லாவற்றையும் கேட்கும். “பலர் அந்தக் கேள்விகளுக்குப் பயந்துதான் இருந்த இடத்திலேயே இருக்கிறார்கள். வங்கிகளுக்கும் அது தெரியும்.”

திரும்பி வரும் ரயிலில் இருக்க இடம் கிடைத்தது. தூங்குவோம் என்று நினைத்தேன், முடியவில்லை. இவர் வங்கி மாற மறுப்பதை இவ்வளவு நாளும் நன்றி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பெப்ரவரி 9, ஞாயிறு

சொல்லிவிட்டேன். சொன்னதும் சண்டை.

“எனக்குத் தெரியாமல் போனனீரோ? பல்லுக்கு எண்டெல்லோ சொன்னனீர்!”

“பல்லும் கொஞ்சம் கூசினதுதான்.”

“பகிடி விடாதையும். ஏற்கெனவே நாலு இடத்திலை இல்லை எண்டு கேட்டாச்சு. இந்த வயசிலை அஞ்சாவது இடத்திலையும் போய்க் கேட்டுக்கொண்டு வரச் சொல்லுறீரோ?”

“அப்ப எங்களிட்டை ஒண்டும் இல்லை. இப்ப வேலை இருக்கு, வீடு இருக்கு...”

“ஆருக்கு வேலை இருக்கு?” என்று கேட்டார்.

அவர் தேநீர்க் கோப்பையைத் தூக்கினார், அது கையிலிருந்து நழுவி விழுந்து உடைந்தது. கோப்பை ஈரமாக இருந்தது. தரையைத் துடைக்கிறபோது சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஞாயிற்றுக்கிழமையாவது யாரும் தரையில் ஒன்றையும் கொட்டாமல் இருக்கலாம்.

பெப்ரவரி 19, புதன்

நேற்று இவர் முறுக்குச் சுடச் சொன்னார். எதற்கென்று கேட்டதற்கு “லின்டமனைப் பாக்கப் போறன்” என்றார். பொங்கல் பெட்டி அவருக்குச் சேரவில்லையாம். அவர் ஒரு வார்த்தை சொன்னால் அந்தக் கெஸ்லர் பிள்ளை வட்டியைக் குறைப்பாளாம். வேறு வங்கிக்குப் போகாமலே காரியம் முடிந்துவிடுமாம். வேலைக் களைப்போடு நின்று சுட்டேன். மாவு இறுகிவிட்டது, பிழிய மணிக்கட்டு நொந்தது.

இன்று டை கட்டச் சொன்னார், கட்டிவிட்டேன். பேருந்தில் தனியாகப் போய்ப் பின்னேரம் வந்தார். வெறும் பெட்டி கையில்.

“என்னவாம்?”

“நல்லாயிருக்கிறார். நாய் ஒண்டு வளக்கிறார்.”

அவ்வளவுதான். சாப்பிடவும் இல்லை.

பெப்ரவரி 22, சனி

நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். இவர் வந்து கதிரையில் இருந்து, நான் கேட்காமலே சொல்லத் தொடங்கினார்.

“மலர், அந்த மனிசன் தன்ர வீட்டுக் கடனை ரெண்டு தரம் வேற வேற வங்கிக்கு மாத்தினவராம்.”

“ஆர், லின்டமனோ?”

“ஓம். அங்க முகாமையாளரா இருக்கேக்கையே. குறைஞ்ச வட்டி எங்கையோ அங்க போனாராம். அதிலை என்ன எண்டு கேக்கிறார்.” வெங்காயத் தோல்களை ஒரு பக்கம் ஒதுக்கினார். “போனமுறை, பத்து வருசத்துக்கு முந்தி, எங்களுக்கும் குறைச்சிருக்கலாமாம். ‘நீங்கள் கேட்கவில்லையே, சபா’ எண்டார். முறுக்கைக் கடிச்சுக்கொண்டுதான் சொன்னவர். நல்லா இருக்கு எண்டும் சொன்னவர்.”

லின்டமன் மேல் கோபம் வரவில்லை என்று எழுதினால் அது பொய். பத்து வருடம் கூடக் கட்டிய காசை மனதுக்குள் கூட்டிப் பார்த்தேன். அந்தப் பாயாசத்தைக்கூட நினைத்தேன். ஆனால் யோசித்துப் பார்த்தால் அவர் எங்களை ஏமாற்றவில்லை. அவர் கேட்டால் பதில் சொல்கிற மனிதர். நாங்கள் கேள்வி கேட்கவேண்டிய இடத்தில் பலகாரம் கொடுத்துக்கொண்டிருந்தோம். எங்களுக்கு அவர் சொந்தக்காரர். அவருக்கு நாங்கள் நல்ல வாடிக்கையாளர். இது அவருக்குத் தெரிந்திருந்தது, எங்களுக்குத்தான் தெரியவில்லை.

“நிரோவிட்டைச் சொல்லும், வேற ஒரு வங்கியிலை நேரம் எடுக்கச் சொல்லி” என்றார் இவர். வெங்காயத்தின் பக்கமே பார்த்துக்கொண்டு சொன்னார்.

மார்ச் 6, வியாழன்

வேலைக்கு லீவு எடுத்து இருவரும் புது வங்கிக்குப் போனோம். கண்ணாடிக் கட்டிடம். லின்டமனின் கோப்பி மாதிரி இல்லை, தண்ணீர்தான் தந்தார்கள், குமிழி உள்ளதா இல்லாததா என்று கேட்டு. ஆலோசகர் ஒரு துருக்கிப் பெடியன், அய்டின் என்று பெயர், மரியாதையாகக் கதைத்தான். ரொய்ட்டர் அம்மா சொன்னபடியே எல்லாவற்றையும் கேட்டான்.

என் சம்பளச் சீட்டுகளை வைத்தேன். முதியோர் இல்லத்தது ஒன்று, பின்னேரம் பாடசாலை துடைக்கிறது ஒன்று. அவன் கூட்டிப் பார்த்தான். பிறகு இவருடையதை எடுத்தான்.

“நோய்க்காலப் பணம் எடுக்கிறீர்கள். எப்போது வேலைக்குத் திரும்புவீர்கள், ஐயா?”

வெயில் வர, என்று சொல்ல நான் வாயெடுத்துவிட்டேன். டொச்சில் வசனமும் தயாராக இருந்தது. இவர் மேசைக்குக் கீழே வலதுகையால் என் கையைப் பிடித்து அமத்தினார்.

“இனி இல்லை” என்றார். “எனக்குப் பாரிசவாதம் வந்தது. இந்தக் கை வராது. களஞ்சியத்தில் பெட்டி தூக்கிற வேலை. இனிப் போகமாட்டேன்.”

பாரிசவாதம். ஒக்டோபரிலிருந்து இந்தப் புத்தகத்தில் அந்தச் சொல்லை நான் எழுதவில்லை. கை விறைக்கிறது, பேனா எழுதவில்லை, கோப்பை ஈரம் என்று என்னென்னவோ எழுதி வைத்திருக்கிறேன். நான் மட்டும் வாசிக்கிற புத்தகத்தில் யாருக்கு ஒளித்தேனோ தெரியாது. இந்தக் கை இனித் திரும்பாது என்று நவம்பரிலேயே வைத்தியர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். இவருக்குத் தெரியாது என்று நான் இருந்தேன். எனக்குத் தெரியாது என்று இவர் இருந்திருக்கிறார்.

அய்டின் என் சம்பளச் சீட்டுகளைத் திரும்ப முன்னால் எடுத்தான். பிறகு, “அப்படியானால் முதல் பெயராக உங்கள் மனைவியைப் போடுகிறேன். வருமானம் அவருடையதுதானே” என்றான். இவர் தலையாட்டினார். என் பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்லிக் கொடுத்ததும் இவர்தான். யோகமலர், நீளமான பெயர், அவன் இரண்டு தரம் பிழைவிட்டான்.

கிடைக்குமா என்று பத்து நாளில் தெரியும். ரயிலில் இவர் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். தோள் நொந்தது, அசையவில்லை.

மார்ச் 10, திங்கள்

மூச்சுவிடப் பயமாக இருக்கிறது. துடைத்த படியையே திரும்பத் துடைத்தேன் என்று கூட வேலை செய்கிற ஹன்னா சிரித்தாள்.

மார்ச் 14, வெள்ளி

வந்துவிட்டது. மூன்று தசம் ஆறு. என் பெயர் முதலில்.

கூடப்போகிறது மாதம் இருநூறுக்குக் கொஞ்சம் மேலே. இறைச்சியைக் குறைக்கலாம், இவருடைய காரை விற்கலாம். வீடு நிற்கும்.

மார்ச் 18, செவ்வாய்

அந்தக் கடிதத்தைக் கொண்டு எங்கள் வங்கிக்குப் போனோம். இன்னமும் “எங்கள் வங்கி” என்றுதான் கை எழுதுகிறது. கெஸ்லர் வாசித்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஒரு நிமிடம் என்று சொல்லிப் பின்னால் போனாள், யாருடனோ தொலைபேசியில் கதைத்தாள், வந்தாள்.

“நாங்களும் மூன்று தசம் ஆறு தரலாம்” என்றாள். “நீங்கள் நீண்டகால வாடிக்கையாளர் என்பதால்.”

எனக்குச் சிரிப்பா ஆத்திரமா என்று தெரியவில்லை. ஜனவரியிலும் நாங்கள் நீண்டகால வாடிக்கையாளர்தானே! ஒரு தொலைபேசி. அவ்வளவுதான். அந்த ஒரு தொலைபேசிக்காக நான் இரண்டு மாதம் தூக்கமில்லாமல் படிக்கட்டுத் துடைத்திருக்கிறேன்.

இவர் கதிரையிலிருந்து மெல்ல எழும்பினார். “நன்றி. யோசித்துச் சொல்லுகிறோம்” என்றார், நல்ல டொச்சில், டையைச் சரிசெய்துகொண்டு. இருபது வருடத்தில் இந்த மனிதர் அந்த வங்கியைக் காக்கவைத்தது இன்றுதான்.

வெளியே வந்ததும் வாய்விட்டுச் சிரித்தார். வாயின் ஒரு பக்கம்தான் சிரிக்கிறது. நான் அந்தப் பக்கத்தில் நின்றேன்.

மார்ச் 27, வியாழன்

புது வங்கியில் கையெழுத்து வைத்தோம். பழையதிலேயே இருக்கலாமே, வட்டி ஒன்றுதானே என்று நிரோஜினி கேட்டாள். “கேட்டாத்தான் குறைப்பினம் எண்டால், சாகும்வரைக்கும் கேட்டுக்கொண்டெல்லோ நிக்கவேணும்” என்றார் இவர். “அங்கையும் பத்து வருசத்திலை கேக்கத்தான் வேணும் அப்பா” என்றாள் அவள். “அப்ப அம்மா கேப்பா.”

நான் முதலில் வைத்தேன். இவர் வலதுகையால் வைத்தார். சுப்பர்மார்க்கெட் விளம்பரத் தாள்களின் பின்பக்கத்தில் எத்தனை நாள் எழுதிப் பழகினாரோ, பழைய பேப்பர் கட்டில் எல்லாம் கிடந்தது. எழுத்துகள் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து நிற்கின்றன. இரத்தினசபாபதி என்று முழுதாக வைத்திருக்கிறார், சுருக்காமல்.

ஏப்ரல் 13, ஞாயிறு

நாளை வருடப்பிறப்பு. இவர் முறுக்குச் சுடச் சொன்னார். பயத்தம் பணியாரமும் வேண்டுமாம். சுட்டுவிட்டுக் கொஞ்சம் சரிந்து படுத்தேன். எழும்பி வந்து பார்த்தால் மேசையில் அதே பெட்டி, பக்கத்தில் தங்க நிற நாடா.

எனக்கு வந்த கோபம் சொல்ல முடியாது. “அங்கையும் தொடங்கப்போறியளோ? அந்த அய்டின் பெடியனுக்கும் பலகாரமோ? நாங்கள் திருந்தவே மாட்டமோ?”

இவர் நாடாவின் ஒரு நுனியைப் பல்லால் கடித்து, மறுநுனியை வலதுகையால் இழுத்துக்கொண்டிருந்தார். உதவிக்குப் போனேன், வேண்டாம் என்று தலையசைத்தார். நல்லது, நீங்களே கட்டுங்கோ என்று வந்து படுத்துவிட்டேன்.

ஏப்ரல் 14, திங்கள்

வருடப்பிறப்பும் வேலைதான். ஒன்பது மணி இடைவேளைக்கு உடுப்பு மாற்றுகிற அறையில் பையைத் திறந்தேன். பாண் துண்டை எடுக்கக் கை விட்டால் பெட்டி தட்டுப்படுகிறது. நாடா ஒருபக்கம் தொய்ந்து, முடிச்சு மூன்று நாலாகக் கிடந்தது. பல் பட்ட இடம் கசங்கியிருந்தது.

தொலைபேசி எடுத்தேன். “இஞ்சருங்கோ, பெட்டியை மாறி என்ர பைக்குள்ளை வச்சிட்டியள்.”

“மாறேல்லை” என்றார்.

“அப்ப ஆருக்கு?”

“இவ்வளவு நாளும் இந்த வீட்டுக் கடனைக் கட்டினது வங்கியோ?” என்றார். “பிழையான இடத்துக்கெல்லோ கொண்டுபோய்க் குடுத்தனான். சாப்பிடும்.” வைத்துவிட்டார்.

நான் மாவு குழைத்து, நான் பிழிந்து, நான் சுட்ட முறுக்கை எனக்கே பெட்டி கட்டித் தந்திருக்கிறார். இப்படி ஒரு மனிதர். வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் குந்தி அழுதேன். ஹன்னா வந்து என்ன, யாருக்கும் ஏதாவதா என்று கேட்டாள். ஒன்றுமில்லை, புதுவருடம் என்றேன்.

முடிச்சை அவிழ்க்க நேரமெடுத்தது, அறுக்க மனம் வரவில்லை. அவளுக்கு இரண்டு கொடுத்தேன், நான் மூன்று சாப்பிட்டேன். உப்புக் கொஞ்சம் குறைவு.